ஆயுள் நீண்ட வரலாறு: திருத்தணி வட்டாரமும் அம்மையார்குப்பமும்

இந்தியாவில் 1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 20 ஆண்டுகள். இன்றைய தமிழ்நாட்டில் அது 72 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று மடங்குக்கு மேல் பெருகிய இந்த ஆயுளின் வரலாற்றை, தமிழகத்தின் வடஎல்லையிலுள்ள திருத்தணி வட்டாரத்தில் படிப்படியாகக் காணலாம்.

திருத்தணி மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லைக்கு அருகில், ஆர்.கே.பேட்டை ஒன்றியத்தில் உள்ள நெசவாளர் ஊர் அம்மையார்குப்பம். இந்த ஊரைச் சுற்றியுள்ள நிலப்பகுதி கார்வேட்டிநகர ஜமீனின் ஆளுகையில் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் சேர்ந்தது. 1911இல் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 1953இல் அந்த மாவட்டத்தோடு ஆந்திர மாநிலத்துக்குச் சென்றது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. இந்த நான்கு மாவட்டங்களும் நோயோடு நடந்த போராட்டத்தில் தனித்தனி இடம் பெற்றவை. ஆகவே இவ்வட்டாரத்தின் நிர்வாக வரலாற்றின் வழியே ஆயுளின் வரலாற்றையும் சொல்லிவிடலாம்.

சராசரி ஆயுள் என்ற கணக்கை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சராசரி 20 என்றால் எல்லோரும் இருபது வயதில் இறந்தார்கள் என்று பொருளில்லை. பிறந்த குழந்தைகளில் பெரும் பங்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மடிந்தது. பிரசவத்தில் தாய்மார் இறந்தனர். பஞ்சமும் கொள்ளைநோயும் வந்த ஆண்டுகளில் எல்லா வயதினரும் மாண்டனர். இவற்றையெல்லாம் தாண்டியவர்கள் அறுபதையும் எழுபதையும் எட்டியதுண்டு. 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 86 வயது வரை வாழ்ந்து 1975இல் மறைந்தார். அவர் பிறந்த காலத்தில் நாட்டின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகளை ஒட்டியே இருந்தது. நீண்ட வாழ்வு அன்றும் இருந்தது. மிகச் சிலருக்கே அது வாய்த்தது. பின்வந்த நூற்றாண்டின் சாதனை அதைப் பலருக்கும் உரியதாக்கியதுதான்.

காயகற்பம்

ஆயுளை நீட்டும் எண்ணம் தமிழருக்கு மேலைமருத்துவம் கொண்டுவந்து கொடுத்ததன்று. அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை ஔவையாருக்கு அளித்த செய்தி சங்க இலக்கியத்திலேயே இடம்பெறுகிறது. சித்த மருத்துவம் இந்த எண்ணத்தைக் காயகற்பம் என்ற தனிப் பிரிவாகவே வளர்த்தது. உடல் நிலைத்தால்தான் உயிரின் பயணம் நிறைவேறும் என்பது சித்தர் நெறியின் அடிப்படை. திருமூலர் மூவாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தார் என்ற மரபுச் செய்தி அந்த நம்பிக்கையிலிருந்து எழுந்தது.

காயகற்ப முறைகள் இருவகை. முதல் வகை மூலிகை சார்ந்தது. நெல்லி, கடுக்காய், கரிசலாங்கண்ணி, வல்லாரை போன்றவற்றைக் குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட பத்தியத்தோடு, மண்டலக் கணக்கில் உண்பது இதில் அடங்கும். இஞ்சி, சுக்கு, கடுக்காய் மூன்றையும் நாளின் மூன்று வேளைகளுக்குப் பங்கிட்டு உண்ணும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. இரண்டாம் வகை இரசம், கந்தகம், அப்பிரகம் முதலியவற்றைச் சுத்திசெய்து, புடமிட்டு, பற்பமும் செந்தூரமும் ஆக்கும் முறை. மூச்சுப் பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் இரண்டுக்கும் பொதுவானவை.

இந்த முறைகள் தனிமனிதரின் ஒழுக்கத்தை நம்பியவை. குருவிடம் பயின்று, பத்தியம் காத்து, நாள் தவறாமல் செய்யக்கூடியவருக்கே அவை எட்டின. தறியில் பகல் முழுதும் உழைத்து அன்றன்றைய கூலியில் வாழ்ந்த நெசவுக் குடும்பத்துக்கு அத்தகைய ஓய்வு இல்லை. கொள்ளைநோய் ஊரையே தாக்கும்போது ஒருவரின் பத்தியம் மற்றவரைக் காக்கவும் இல்லை. சித்த மருத்துவத்தை நிறுவனமாக்கும் முயற்சி முகம்மது உஸ்மான் தலைமையில் 1921இல் அமைந்த குழுவிலிருந்து தொடங்கியது. 1920களின் நடுவில் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. மூலிகைகளை ஆய்வகத்தில் சோதிக்கும் பணி இன்றும் தொடர்கிறது. ஆனால் ஆயுளின் சராசரியை மாற்றிய வேலை வேறு திசையில் நடந்தது.

வட ஆர்க்காடு: பஞ்சம், பேதி, அம்மை

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் வட ஆர்க்காடும் ஒன்று. 1871 மக்கள்தொகைக் கணக்கில் 20 லட்சத்துக்குச் சற்று மேலிருந்த அதன் மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 18 லட்சமாகச் சுருங்கியது. நெசவாளர்கள் இத்தகைய காலங்களில் இருமுறை அடிபட்டனர். தானிய விலை ஏறியதால் உணவு கிடைக்கவில்லை. துணி வாங்க ஆளில்லாததால் தறியும் நின்றது. பிற்காலத்தில் வகுக்கப்பட்ட பஞ்ச நிவாரண விதிகள், கைவினைஞர்களுக்கு அவரவர் தொழிலிலேயே வேலை கொடுத்து உதவ வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டன.

பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த அளவை, மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்பதை மருத்துவக் கணக்காக அரசின் முன் வைத்த வாதம் அது. பட்டினியால் செத்தவர்களைவிட, பட்டினியால் தளர்ந்து காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். உணவு, நீர், நோய் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய கேடு என்பதை அந்தப் பஞ்சம் அதிகாரிகளுக்குக் கற்பித்தது.

திருத்தணி போன்ற யாத்திரைத் தலங்களுக்கு வாந்திபேதி தனிக் கவலையாக இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திரளும் கூட்டம் குளத்திலும் கிணற்றிலும் ஒரே நீரைப் பயன்படுத்தியது. ஒரு தலத்தில் தொற்றிய நோய், ஊர் திரும்பியவர்களோடு பல திசைகளுக்கும் போனது. திருவிழாக்களுக்கு முன் கிணறுகளுக்கு மருந்திடுதல், கழிப்பிடம் அமைத்தல், தடுப்பூசி போடுதல் ஆகியவை மெல்ல மெல்ல நடைமுறைக்கு வந்தன. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனிப் பகுதியே ஒதுக்கியது. இந்தியாவில் பொதுச் சுகாதாரத்துக்கென முழுமையாக இயற்றப்பட்ட முதல் மாகாணச் சட்டம் அதுவே.

பெரியம்மைக்கான தடுப்பு இதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. ஜென்னர் 1796இல் இங்கிலாந்தில் கண்ட பசுவம்மைத் தடுப்பு முறை 1802இல் சென்னையை எட்டியது. மாரியம்மனின் அருளாகவும் சினமாகவும் கருதப்பட்ட நோய்க்கு ஊசி குத்துவதை மக்கள் அஞ்சினர். தமிழறிஞராகப் புகழ்பெற்ற எல்லிஸ், இந்தத் தடுப்பு முறையை ஏற்கச் செய்வதற்காக, சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோல் ஒரு கதையையே புனைந்தார். அம்மை குத்துபவர்கள் ஊர் ஊராகச் சென்றனர். முதலில் ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு அம்மைப்பால் மாற்றப்பட்டது. இதில் வேறு நோய்கள் தொற்றும் ஆபத்து இருந்தது. கன்றுகளிலிருந்து தூய அம்மைப்பாலைத் தயாரிக்கும் பணியை, சுகாதார ஆணையர் டபிள்யூ.ஜி.கிங்கின் பெயரில் 1899இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிலையம் மேற்கொண்டது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

மருத்துவமனைகளும் இக்காலத்தில் வேரூன்றின. அமெரிக்க ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தார் 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினர். அக்குடும்பத்தின் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கி, 1902இல் பெண்களுக்கான மருத்துவமனையையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். ஆண் மருத்துவரிடம் பெண்களைக் காட்டத் தயங்கிய சமூகத்தில், பிரசவச் சாவுகளைத் தடுக்கப் பெண் மருத்துவர்களை உருவாக்குவதே வழி என்று அவர் கண்டார். ஆனால் அதே 1918இல் வந்த இன்ஃபுளுவென்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அந்தப் பத்தாண்டின் சராசரி ஆயுள் 20ஆகத் தாழ்ந்ததற்கு முதன்மைக் காரணம் அதுவே.

சித்தூர்: ஆரோக்கியவரம்

பஞ்சமும் காலராவும் அலையலையாக வந்து போயின. காசநோய் எந்நாளும் இருந்தது. தறியும் சமையலும் உறக்கமும் ஒரே கூரையின் கீழ் நடந்த நெசவாளர் வீடுகளில், ஒருவர் இருமினால் குடும்பம் முழுதும் அந்தக் காற்றையே சுவாசித்தது. இளைஞர்களையும் நடுவயதினரையும் தேர்ந்தெடுத்துக் கொன்ற நோய் இது. குடும்பத்தின் உழைப்பாளியே போய்விட்டால் மிஞ்சியவர்களின் ஆயுளும் சுருங்கியது.

திருத்தணி சேர்ந்திருந்த சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அருகில் 1915இல் ஆரோக்கியவரம் காசநோய்ச் சானடோரியம் திறக்கப்பட்டது. பல கிறித்துவச் சபைகள் சேர்ந்து நடத்திய நிறுவனம் அது. டென்மார்க்கைச் சேர்ந்த பிரிமோட்-மொல்லர் அதன் கண்காணிப்பாளராக இருந்தார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். உயரமான இடத்துக் காற்று, ஓய்வு, சத்துணவு, சில அறுவை முறைகள் ஆகியவையே சிகிச்சை. இங்குப் பணியாற்றிய பி.வி.பெஞ்சமின் பின்னர் இந்திய அரசின் காசநோய் ஆலோசகரானார். 1948இல் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசிகள் இந்தியாவில் முதன்முதலாக மதனப்பள்ளியில்தான் போடப்பட்டன. அதே ஆண்டு கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் தொடங்கியது.

சானடோரியத்தின் குறை அதன் அளவு. நாட்டில் லட்சக்கணக்கான நோயாளிகள் இருக்க, படுக்கைகள் சில ஆயிரங்களே. பல மாதங்கள் தறியை விட்டுவிட்டு மலைக்காற்று வாங்கப் போவது ஒரு நெசவாளியால் முடியாத காரியம்.

இந்த முட்டுக்கட்டையைச் சென்னை உடைத்தது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலும் ஐசோநியாசிட்டின் பயன் 1952இலும் கண்டறியப்பட்ட பிறகு, மருந்து இருந்தால் படுக்கை தேவையா என்ற கேள்வி எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். சென்னையின் ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினரும் ஓராண்டு அதே மருந்துகளை உட்கொண்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றனர், மறு பிரிவினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தனர். 1959இல் வெளியான முடிவுகள், வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே அளவு பலன் தந்ததைக் காட்டின. மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர் வீட்டிலிருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் தொற்று ஏற்படவும் இல்லை.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கும், ஏழை நாடுகளில் காசநோய்ச் சிகிச்சை பரவுவதற்கும் இந்தச் சென்னை ஆய்வு வழி திறந்தது. வசதியுள்ள சிலருக்கு மட்டுமே கிடைத்த சிகிச்சை, கூலிக்காரர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. ஆயுள் நீட்சியின் வரலாற்றில் புதிய மருந்து எவ்வளவு முக்கியமோ, அதைக் கொண்டுசேர்க்கும் முறையும் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

செங்கல்பட்டு: பி.சி.ஜி. ஆய்வும் சத்துணவும்

பி.சி.ஜி. தடுப்பூசி பெருமளவில் போடப்பட்டபோது எதிர்ப்பும் எழுந்தது. அதன் பயன் நிறுவப்படவில்லை என்று வாதிட்டு இராஜாஜி 1955இல் எழுதினார். ஐயத்தைத் தீர்க்க மாபெரும் கள ஆய்வு தேவைப்பட்டது. அது செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய 209 ஊராட்சிகளிலும் சில நகரப் பகுதிகளிலும் 1968இல் தொடங்கியது. ஏறத்தாழ 3,60,000 மக்கள் கணக்கெடுக்கப்பட்டனர். தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ குலுக்கல் முறையில் போடப்பட்டு, 15 ஆண்டுகள் அவர்கள் பின்தொடரப்பட்டனர். உலகில் நடந்த மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்று இது.

1979இலும் அதற்குப் பின்னும் வெளிவந்த முடிவுகள் பலரை அதிர்ச்சிக்குள்ளாக்கின. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் வேறுவகை மைக்கோபாக்டீரியாக்களின் பாதிப்பு முன்பே இருப்பது ஒரு காரணமாகக் கருதப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை போன்ற கடுமையான காசநோய்களைத் தடுப்பதற்காகப் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடும் வழக்கம் நீடிக்கிறது. திருவள்ளூர் வட்டார மக்கள் கைநீட்டிக் கொடுத்த ஒத்துழைப்பால்தான் உலகம் இந்த உண்மையை அறிந்தது. எதிர்பார்த்த விடை வராத ஆய்வும் மருத்துவத்தை முன்னேற்றுகிறது. பயனற்ற நம்பிக்கையில் காலம் வீணாவதை அது தடுக்கிறது.

இதே பத்தாண்டுகளில் சராசரி ஆயுளை மிகுதியாக உயர்த்தியது குழந்தைச் சாவின் வீழ்ச்சி. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேற்பட்டவை முதலாண்டைக் கடக்கவில்லை. மாநிலத்தின் சராசரி ஆயுள் அப்போது 50 ஆண்டுகளை ஒட்டியிருந்தது. காமராசர் 1950களின் நடுவில் தொடங்கிய பள்ளி மதிய உணவும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அறிமுகப்படுத்திய சத்துணவுத் திட்டமும் குழந்தைகளின் உடலுக்கு வலுவூட்டின. 1978இல் விரிவுபட்ட தடுப்பூசித் திட்டமும் 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி, இளம்பிள்ளைவாதம், தட்டம்மை ஆகியவற்றைப் பின்தள்ளின. ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம சுகாதார செவிலியரும் எல்லையோர ஊர்களை எட்டினர். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் என்ற எளிய சிகிச்சை எத்தனையோ பிள்ளைகளைக் காத்தது.

திருவள்ளூர்: மருந்து தடையின்றி வந்த காலம்

1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அத்தியாவசிய மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையை ஏற்படுத்தியது. மருந்து இல்லை என்று நோயாளியைத் திருப்பியனுப்புவது அரிதாயிற்று. வேறு மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றின.

காசநோய்க்கு எதிரான போரும் இம்மாவட்டத்தில் புதிய கட்டத்தை அடைந்தது. சேத்துப்பட்டு மையம் 1999இல் திருவள்ளூர் மாவட்டத்தில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் மாதிரித் திட்டத்தைத் தொடங்கியது. நோயாளி மருந்தை விழுங்குவதைச் சுகாதாரப் பணியாளரோ ஊரிலுள்ள நம்பிக்கையான ஒருவரோ நேரில் பார்த்து உறுதிசெய்வது இதன் முறை. வீடு வீடாக நடந்த கணக்கெடுப்புகளில், முதல் சில ஆண்டுகளுக்குள் காசநோயின் பரவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது.

2020இல் தமிழ்நாட்டின் குழந்தை இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 13ஆக இறங்கியது. நாட்டின் அளவு அப்போது 28. பேறுகாலத் தாய் இறப்பு 2018–20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54. ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் இன்று மருத்துவமனையில் நடக்கின்றன. ஒரு காலத்தில் பாட்டனைப் பார்த்தறியாத பேரப்பிள்ளைகள் மிகுதி. இன்று ஒரே வீட்டில் நான்கு தலைமுறை வாழ்வது வியப்பூட்டும் செய்தியாக இல்லை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் ஆண்டு விழாவும் நாள்தோறும் நடப்பது, நீண்ட ஆயுள் பரவலாகிவிட்டதற்கு மக்கள் வழக்கிலேயே கிடைக்கும் அடையாளம்.

முதுமையும் புதிய நோய்களும்

தொற்றுநோயிலிருந்து தப்பிய தலைமுறையை நீரிழிவும் இரத்த அழுத்தமும் இதயநோயும் சிறுநீரகச் செயலிழப்பும் எதிர்கொண்டன. 2023இல் வெளியான நாடுதழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டில் அதன் அளவு 14.4 விழுக்காடு. சென்னையில் ஏ.இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. நீரிழிவின் விளிம்பிலிருந்த 531 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், உணவும் உடற்பயிற்சியும் திருத்தப்பட்டோரிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற மலிவான மாத்திரை 26.4 விழுக்காடு குறைத்தது. இரண்டும் சேர்ந்தபோது கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

நெசவாளரின் உடல் இந்தக் காலத்தில் தனக்கே உரிய தேய்மானத்தையும் சுமக்கிறது. குழித்தறியில் பல பத்தாண்டுகள் அமர்ந்தவருக்கு முதுகும் முழங்காலும் வலிக்கின்றன. நுண்ணிய இழையையே பார்த்த கண் மங்குகிறது. விசைத்தறியின் ஓயாத ஓசையில் காது மந்தமாகிறது. ஆயுள் நீண்டபோது இவற்றோடு வாழ வேண்டிய ஆண்டுகளும் நீண்டன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. சேத்துப்பட்டு ஆய்வு காசநோய்க்கு நிறுவிய வீட்டுச் சிகிச்சை என்ற கொள்கை, அறுபது ஆண்டுகளுக்குப் பின் முதுமை நோய்களுக்கும் பொருந்தியது.

முதியோர் மருத்துவம் இந்தியாவில் தனித் துறையாக வளர்ந்ததும் சென்னையில்தான். மருத்துவர் வி.எஸ்.நடராஜனின் முயற்சியால் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு முதுநிலைப் படிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் தேசிய முதியோர் நல மையம் 200 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. குழந்தைகளைப் பெரியம்மையிலிருந்து காக்க அம்மைப்பால் தயாரித்த வளாகம், அப்படிக் காக்கப்பட்ட தலைமுறைகளின் முதுமைக்கும் இடமளிக்கிறது.

வரும் காலம்

இதுவரை நடந்தது சாவுக்கான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய வேலை. மூப்பையே தாமதப்படுத்த முடியுமா என்பது இப்போதைய அறிவியலின் கேள்வி. உயிரணுக்களில் சேரும் மரபணுச் சிதைவு, புரதங்களின் ஒழுங்குக்குலைவு, பிரியாமல் தேங்கி அழற்சியைப் பரப்பும் மூத்த உயிரணுக்கள் ஆகியவை மூப்பின் அடிப்படைகளாக ஆராயப்படுகின்றன. ராபமைசின் என்ற மருந்து வயதான எலிகளின் ஆயுளையும் நீட்டியதை 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. முதிர்ந்த உயிரணுவை முளைக்கரு நிலைக்குத் திருப்பும் வழியை 2006இல் கண்ட யமனகா 2012இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியை ஓரளவே பயன்படுத்தி உறுப்புகளை இளமையாக்கும் முயற்சிகள் விலங்குகளில் நடக்கின்றன. மெட்ஃபார்மின் மூப்பைத் தாமதப்படுத்துமா என்பதைச் சோதிக்க அமெரிக்காவில் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. இவற்றில் எதுவும் மனித ஆயுளை நீட்டுவதாக இன்னும் நிறுவப்படவில்லை. இதுவரை உறுதிசெய்யப்பட்ட மிக நீண்ட மனித வாழ்வு பிரான்சின் ழான் கால்மான் வாழ்ந்த 122 ஆண்டுகள்.

மூப்பு பற்றிய ஆராய்ச்சியில் சேத்துப்பட்டு மையத்துக்கும் பங்குண்டு. 2020இல் கொரோனா பரவியபோது, இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றுள்ள அந்த மையம், முதியவர்களுக்குப் பி.சி.ஜி. போட்டு ஆராய்ந்தது. தடுப்பூசி பெற்ற முதியவர்களின் இரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குறைந்ததை 2021இல் வெளியான முடிவு காட்டியது. நாட்பட்ட அழற்சி மூப்பின் முக்கியக் கூறு என்பதால் இது கவனத்துக்குரியது. திருவள்ளூர்க் களத்தில் ஒரு பணியில் தோற்ற தடுப்பூசி வேறொரு பணிக்கு உதவலாம் என்ற வாய்ப்பை அது எழுப்பியிருக்கிறது.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்து, ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கி இராமகிருஷ்ணன், மூப்பும் மரணமும் பற்றி 2024இல் நூலொன்று வெளியிட்டார். இத்துறையில் உண்மையான முன்னேற்றம் இருப்பதை ஏற்கும் அவர், வணிக நோக்கில் எழும் மிகை வாக்குறுதிகளைக் குறித்து எச்சரிக்கிறார். நீண்ட ஆயுள் செல்வர்களுக்கு மட்டும் கிடைத்தால் ஏற்றத்தாழ்வு மேலும் ஆழமாகும் என்பதும் அவர் கவலை.

அம்மையார்குப்பம் போன்ற ஊர்களின் வரலாறு இந்தக் கவலையை உறுதிப்படுத்துகிறது. காயகற்பம் சிலரின் முயற்சியாக நின்றது. சானடோரியமும் சிலருக்கே இடமளித்தது. அம்மைத் தடுப்பும், தூய நீரும், சத்துணவும், வீட்டுக்கு வந்த காசநோய் மருந்தும் எல்லோரையும் எட்டியதால் சராசரி ஆயுள் உயர்ந்தது. இனி வரும் மூப்பு மருந்துகளும் இதே அளவுகோலால்தான் மதிக்கப்பட வேண்டும்.

2036இல் தமிழ்நாட்டில் ஐவரில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவராக இருப்பார் என்று மத்திய அரசின் கணிப்பு கூறுகிறது. 1962இல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தறியிலிருந்து இறங்கியபின் வருமானமற்ற நெசவாளருக்கு இது சிறு தாங்கல்தான். கண்புரை அறுவை, செவிக்கருவி, மூட்டுச் சிகிச்சை, மறதிநோய்க்கான பராமரிப்பு, தனித்து வாழும் முதியவருக்குத் துணை ஆகியவை ஒவ்வொரு ஒன்றியத்திலும் கிடைத்தால், ஏற்கெனவே நீண்டுவிட்ட ஆயுள் நலமுள்ள ஆயுளாகும். இதற்குத் தேவையான அறிவு இன்றே கையில் இருக்கிறது. அதை ஊர்தோறும் சேர்ப்பது, ஆய்வகங்களில் நடக்கும் மூப்பு ஆராய்ச்சிக்கு இணையான, அதைவிட அவசரமான பணி.